பின்னாலிருந்து தள்ளும் கார்

போன மாதம் இதே பக்கத்தில், பேச்சுவாக்கில், 'ஒரு பழைய சின்ன கார் வாங்கிப் பிரித்து மேயலாம் என்று இருக்கிறேன்' என்று ஒரே ஒரு வரி எழுதினேன். பதினோரு கடிதங்கள் வந்துவிட்டன. ஒன்பது பேர், 'வேண்டாம் சார், பட்டவன் சொல்கிறேன்' என்ற ரகம். பத்தாமவர், எந்தக் கார் என்று சொல்லாமல் அதென்ன பழைய கார் என்று கோபித்துக்கொண்டார். பதினோராமவர் தன் காரையே என் தலையில் கட்ட முன்வந்தார். விலையும் எழுதி, 'இத்தனை வருஷத்தில் மெயின்டனன்ஸ் செலவே கிடையாது' என்று அடிக்கோடு வேறு போட்டிருந்தார். அதாவது, அவர் எதுவுமே செய்ததில்லை.

பத்தாமவர் கேட்டது நியாயமான கேள்வி. எந்தக் கார்?

என் நிபந்தனைகள் மூன்றே. சின்னதாக இருக்க வேண்டும். பழசாக இருக்க வேண்டும். பின்சக்கரத்தில் இழுவை இருக்க வேண்டும். மூன்றாவதைச் சொன்னதும் வீட்டில், "அதுல அப்படி என்னங்க விசேஷம், எல்லா காரும் நாலு சக்கரத்துலதானே ஓடுது?" என்றாள் மனைவி. பி.காம். படித்தவன் இன்ஜினீயரிங் பேசினால் இப்படித்தான் கேள்வி வரும். இருந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

மாட்டு வண்டி முன்னாலிருந்து இழுக்கப்படுவது. சைக்கிள் பின்னாலிருந்து தள்ளப்படுவது. ஆட்டோவும் அப்படியே, பஸ்ஸும் லாரியும் அப்படியே. அந்தக் காலத்து கார்களிலும் இன்ஜின் முன்னால், அதன் வாலில் கியர் பாக்ஸ், அங்கிருந்து வயிற்றுக்கு அடியில் ஒரு நீளத் தண்டு, அதுதான் புரொப்பல்லர் ஷாஃப்ட், கடைசியில் பின் ஆக்ஸிலில் கிரௌன் பினியன் என்று வரிசையாக, ரயில் பெட்டி மாதிரி கோத்திருக்கும். முன்சக்கரத்துக்கு வேலை திரும்புவது மட்டும். பின்சக்கரத்துக்கு வேலை தள்ளுவது மட்டும். மேட்டில் ஏறும்போது பாரம் பின்னால் சாயும். தள்ளுகிற சக்கரத்துக்கு அது நல்ல பிடிமானம். புளியரை எஸ் வளைவில் குடும்பத்தோடு ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது இழுவை முன்னுக்குப் போய்விட்டது. இன்ஜின், கியர் பாக்ஸ், இழுவை எல்லாம் ஒரே மூட்டையாக பானெட்டுக்குள். உள்ளே இடம் கிடைத்தது, எடை குறைந்தது, பெட்ரோல் மிச்சமானது. நல்ல கார்தான், குறை சொல்லவில்லை. ஆனால் பிரித்துப் பார்க்க ஆசைப்படுகிற ஆளுக்கு அது ஒரு கட்டிய பொட்டலம். பழைய கார் பிரித்து வைத்த சாப்பாடு. சோறு எது, குழம்பு எது என்று கண்ணுக்குத் தெரியும். (2009ல் விற்பனைக்கு வந்த நானோவிலும் பின்சக்கர இழுவைதான், இன்ஜினும் பின்னால்தான் என்று என் மாப்பிள்ளை, அதாவது அக்கா மகன், ஞாபகப்படுத்தினான். பழசு என்ற நிபந்தனையில் அது தோற்றுவிட்டது. இன்னும் முப்பது வருஷம் கழித்து யாராவது இதே பக்கத்தில் அதைப் பற்றி உருகி உருகி எழுதுவார்கள், பாருங்கள்.)

பணம் பற்றிச் சொல்லாமல் கார் பற்றிப் பேசுவது ஏமாற்று வேலை. கையில் இருப்பது 1,80,000 ரூபாய். சீட்டு எடுத்த பணம். அதற்குப் போட்டியாக வீட்டு மாடியில் ஒழுகும் கான்கிரீட் நிற்கிறது. வீட்டில் ஓட்டெடுப்பு நடந்தது. மாடிக்கு மூன்று, காருக்கு ஒன்று. அந்த மூன்றில் ஒன்று ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகன் போட்டது. கடைசியில் மனைவிதான் தீர்ப்பு சொன்னாள்: "மாடிக்கு எழுபதாயிரம். காருக்கு ஒரு லட்சத்துப் பத்து. அதுக்கு மேல ஒரு ரூபா போச்சுன்னா, நீங்க அந்தக் காருலேயே படுத்துக்கிடுங்க."

பட்ஜெட் தாக்கல் செய்த நிதியமைச்சர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு தெளிவு யாரிடமும் இல்லை.

★

முதலில் அடிபட்டது அம்பாசிடர். 1958 முதல் 2014 வரை கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் செய்தார்கள். 2014 மே மாதம் நின்றது. ஒரு கல்யாணக் கோஷ்டியையே ஏற்றிக்கொண்டு பழைய குற்றாலம் போய் வந்த வண்டி. எங்கள் பக்கத்து வாடகைக் கார் என்றால் அதுதான். ஆனால் சின்ன கார் இல்லை. அதைவிட முக்கியம், என் வீட்டு கேட் அஞ்சரை அடி. அம்பாசிடரின் அகலமும் ஏறக்குறைய அதே அஞ்சரை அடி. உள்ளே போய்விடும், ஆனால் கதவின் கைப்பிடிகள் தெருவிலேயே நின்றுவிடும்.

மிச்சம் இரண்டே பேர். பத்மினி, ஹெரால்டு.

பத்மினியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வால்சந்த் ஹீராசந்த் 1944ல் ஆரம்பித்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், பம்பாய் குர்லாவில் செய்தது. 1954ல் ஃபியட் 1100 ஆக வந்தது. அதற்கு பம்பாய்க்காரர்கள் வைத்த பட்டப்பெயர் 'டுக்கர்', மராத்தியில் பன்றி. 1964ல் டிலைட் என்று புது உருவம். எழுபதுகளின் ஆரம்பத்தில் பிரெசிடென்ட் என்று பேர் மாறி, பிறகு சித்தூர் ராணியின் பேரில் பத்மினி ஆகி, 2000 வாக்கில் உற்பத்தி நின்றது. 1089 சி.சி., சுமார் 40 குதிரைச் சக்தி, ஸ்டீயரிங் கழுத்தில் கியர். இதை ஓட்டத் தெரிந்தவன் எதையும் ஓட்டுவான் என்பார்கள். பம்பாயின் கறுப்பு மஞ்சள் டாக்ஸியாக ஓடிய கடைசி பத்மினிக்கு 2023 அக்டோபரோடு இருபது வருஷக் கெடு முடிந்தபோது, கண்ணீர் அஞ்சலி எழுதாத பேப்பர் கிடையாது. நம் ஊரில் 2014ல் 'பண்ணையாரும் பத்மினியும்' என்று படமே எடுத்துவிட்டார்கள். அந்தப் படத்துக்கு அப்புறம்தான் கோழி அடைந்துகிடந்த பத்மினிகளுக்கெல்லாம் திடீரென்று விலை வந்தது என்பது எங்கள் ஊர் மெக்கானிக்கின் கணக்கு.

ஹெரால்டைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அது நம்ம ஊர் கார். சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் என்ற தொழிற்சாலை இருந்தது. 1961லிருந்து சுமார் பத்து வருஷம் அங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு செய்தார்கள். இங்கிலாந்தில் 1959ல் டிரையம்ப் ஹெரால்டு என்று வந்ததன் உடன்பிறப்பு. உருவம் வரைந்தவர் ஜியோவானி மிக்கெலோட்டி, இத்தாலிக்காரர். வால் பக்கம் லேசாகக் கூராக, கண் பக்கம் லேசாகச் சோகமாக, ஒரு அழகு. இங்கிலாந்தில் இல்லாத நாலு கதவு ஹெரால்டைக்கூட இங்கே செய்தார்கள். நம்மவர்களுக்கு மாமனார், மாமியார் பின்சீட்டில் ஏற வேண்டுமே!

இந்தக் காரில் ஒரு விசித்திரம். தனி சேஸிஸ். அதன்மேல் பாடியைத் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள். காரணம் கேட்டால் சிரிப்பு வரும். இங்கிலாந்தில் அந்தக் கம்பெனிக்கு பாடி அடித்துக்கொடுத்த தொழிற்சாலையைப் போட்டிக் கம்பெனி விலைக்கு வாங்கிவிட்டது. முழு பாடியை ஒரே இடத்தில் செய்ய ஆள் இல்லை. சரி, ஆளுக்கொரு துண்டாகச் செய்துவரச் சொல்லி, நாமே கோத்துக்கொள்வோம் என்று முடிவெடுத்தார்கள். கையாலாகாத நிலையில் பிறந்த யோசனை, அறுபது வருஷம் கழித்துப் பிரித்துச் சேர்க்க நினைக்கிறவனுக்கு வரமாக வாய்த்தது. பாடியைக் கழற்றித் திண்ணையில் வைத்துவிட்டு, சேஸிஸைத் தனியாகச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கலாம்.

இதற்கு மேல், பானெட். மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும், முதலை வாயைத் திறந்த மாதிரி. இன்ஜின் மட்டுமல்ல, முன்சக்கரமும் ஸ்பிரிங்கும் வெளிச்சத்துக்கு வந்துவிடும். வட்டம் அடித்தால் 25 அடிக்குள் திரும்பும். சுரண்டை பஜாரில் சந்தை நாளன்றுகூட யு டர்ன் போடலாம்.

குறை? இருக்கிறது. துண்டு சேர்த்த இடமெல்லாம் தண்ணீர் புகும் இடம். குற்றாலச் சாரல் தென்காசிவரை பூமழையாகப் பெய்து, எங்கள் வீ.கே. புதூருக்கு வருவதற்குள் வெறும் காற்றாகிவிடும் என்று பேர். ஆனால் அந்த ஈரக்காற்றே தகரத்துக்குப் போதும். இன்னொன்று, பின்சக்கரங்கள் தனித்தனியாக ஆடுகிற ஏற்பாடு. குறுக்கே ஒரே ஸ்பிரிங் பட்டை. வேகமாக வளைவில் போனால் பின்சக்கரம் உள்பக்கம் மடங்கும். நம் டிரைவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் அது பிடிக்கவில்லை என்று, 1972ல் அதே கம்பெனி கேஸல் என்ற காரை, வழக்கமான நேர் ஆக்ஸில் போட்டுக் கொண்டுவந்தது. அதுவும் 1977ல் நின்றது. 1985ல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு பெரிய கார். வெளியே இங்கிலாந்தின் நாகரிக பாடி, உள்ளே தாத்தா காலத்து இன்ஜின். மூன்று வருஷத்தில் அதன் கதையும் முடிந்தது. வண்டலூர் என்றால் இப்போது எல்லோருக்கும் புலிதான் ஞாபகம் வருகிறது.

★

ஆக, இரண்டு கார்கள், இரண்டு இடங்கள்.

ஹெரால்டு செங்கோட்டைப் பக்கம், ஓய்வு பெற்ற ஒரு டாக்டர் வீட்டில். 1969 மாடல். தாத்தாவின் கார் என்பதால் இரும்புக் கடைக்குப் போட மனசில்லை என்கிறார் பெரியவர். ஐம்பதாயிரம் கொடுத்து, நல்லபடியாக வைத்துக்கொள்வேன் என்று ஒரு வார்த்தையும் கொடுத்தால் போதும் என்றார். பத்மினி கடையநல்லூரில். 1987 மாடல். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருவர் கண்ணாக வைத்திருந்தது. அவர் காலமான பிறகு மூன்று வருஷமாக வேப்பமரத்தடியில் நிற்கிறது. மகன் கேட்ட விலை 85,000.

இங்கே என் பி.காம். படிப்பு விழித்துக்கொண்டது. வருஷம் 15 சதவீதம் தேய்மானம், குறைந்து செல் மதிப்பு முறை. அந்தக் காலத்தில் அறுபதாயிரத்துக்கு வாங்கியது என்று பேச்சுக்கு வைத்துக்கொண்டால், நாற்பது வருஷம் கழித்துக் கணக்குப் புத்தகத்தில் அதன் மதிப்பு தொண்ணூறு ரூபாய் சொச்சம். இதை நான் பேப்பரில் போட்டுக் காட்டினேன். ஹெட்மாஸ்டர் மகன் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "சரி சார், அந்தத் தொண்ணூறு ரூபா காரை நீங்க வேற எங்கயாவது வாங்கிக்கிடுங்க" என்றார்.

பார்க்கப் போகிறவர்கள் ஒரு காந்தமும், ஒரு பெரிய ஸ்க்ரூ டிரைவரும், படுத்து எழ ஒரு பழைய சாக்கும் கொண்டுபோக வேண்டும். காந்தம் தகரத்தில் ஒட்டும், பட்டியில் ஒட்டாது. பளபளவென்று பெயின்ட் அடித்திருக்கும் இடத்தில் காந்தம் வழுக்கி விழுந்தால், உள்ளே காரே இல்லை, வெறும் பட்டிதான் என்று அர்த்தம். ஸ்க்ரூ டிரைவரால் கதவுக்குக் கீழே படியில் குத்திப் பாருங்கள். பத்மினிக்குத் தனி சேஸிஸ் கிடையாது. தரையும் அந்தப் படியும்தான் முதுகெலும்பு. அங்கே துரு தின்றிருந்தால் நடுவில் ஒடிந்த கட்டில் மாதிரி ஆகிவிடும். ஹெரால்டில் பாடி துருப்பிடித்தாலும் பலம் சேஸிஸில் இருக்கும்; ஆனால் சேஸிஸின் பக்கவாட்டுக் கைகள் முதலில் போகும், அதைப் படுத்துத்தான் பார்க்க முடியும். அதற்குத்தான் சாக்கு. விற்பவர் சங்கடப்படுவார். பரவாயில்லை, குத்துங்கள்.

காரைவிட முக்கியம் காகிதம். 15 வருஷம் தாண்டிய சொந்தக் காருக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். புதுப்பிக்கத் தாமதமானால் மாதத்துக்கு 500 ரூபாய் தனி. பத்து வருஷம் தூங்கிய காரை எழுப்புவதற்கு முன் அந்தப் பெருக்கல் கணக்கைப் போட்டுவிடுவது நல்லது; அபராதம் காரின் விலையைத் தாண்டிவிடலாம்.

ஐம்பது வயதைத் தாண்டிய வண்டிகளுக்கு 2021ல் மத்திய அரசு வேறொரு வழி வைத்தது. விண்டேஜ் பதிவு. 20,000 ரூபாய் கட்டினால் பத்து வருஷத்துக்குச் செல்லும், நம்பர் பிளேட்டில் வி.ஏ. என்ற எழுத்து வரும். கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர் இவற்றுக்கு மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் கத்திரிக்காய் வாங்கப் போகக் கூடாது. இதில் நான் மிகவும் ரசித்தது, வண்டி பெரிய அளவில் மராமத்து செய்யப்படாமல் மூல உருவத்தில் இருக்க வேண்டும் என்ற விதி. அறுபது வருஷம் ஓடிய கார், யார் கையும் படாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அப்படிப்பட்ட மனிதனையே நான் பார்த்ததில்லை.

★

எங்கள் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. வீ.கே. புதூர் என்றால் வெளியூர்க்காரர்கள் வி.கே. புரம் போய் இறங்கிவிடுவார்கள். அது விக்கிரமசிங்கபுரம், பாபநாசத்துப் பக்கம். இது வீரகேரளம்புதூர். சிற்றாற்றங்கரை. காவடிச்சிந்து அண்ணாமலை ரெட்டியாரை ஆதரித்த ஊத்துமலை ஜமீனின் அரண்மனை இருந்த ஊர். இப்போது தாலுகா ஆபீஸ் இருக்கிறது. சுரண்டை போகிற ரோட்டில் ஒரு தகர ஷெட் இருக்கிறது. அதில்தான் மெக்கானிக் அண்ணாச்சி இருக்கிறார். வயசு 71. பதினாலு வயசில் தென்காசியில் ஒரு ஷாப்பில் டீ வாங்கிவர நின்றவர், ஸ்பேனர் பிடித்து, தலை நரைத்து, இங்கே வந்து சேர்ந்தார். மகன் ஸ்ரீபெரும்புதூரில் கார் தொழிற்சாலையில் இருக்கிறான். "அவன் ஒரு கதவுல ஒரே ஒரு ரப்பரை மாட்டுதான். நாள் பூரா. அடுத்த கதவு வரும், அதே ரப்பரு" என்பார் அண்ணாச்சி, மகனைக் குறை சொல்கிற தொனி இல்லாமல், ஆச்சரியமாக.

அவரை அழைத்துக்கொண்டு செங்கோட்டை போனேன். பஸ்ஸில்தான். டாக்டர் வீட்டு ஷெட்டில் வைக்கோல் வாசனை. தார்ப்பாயை எடுத்ததும் அண்ணாச்சி ஒன்றும் பேசவில்லை. இரண்டு பக்கமும் கொக்கியைத் தட்டிவிட்டு, பானெட்டைக் கவிழ்த்து, முன்டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டார். கால்களை உள்ளே தொங்கப்போட்டு, கிணற்றங்கரையில் உட்கார்ந்தமாதிரி.

"பாத்தேளா தம்பி? மெக்கானிக்குன்னு ஒருத்தன் இருக்கான், அவனுக்கும் இடுப்பு வலிக்கும்னு நெனைச்சுச் செஞ்ச வண்டி இது ஒண்ணுதான்."

"அப்போ இதையே எடுத்துருவோமா அண்ணாச்சி?"

அவர் பதில் சொல்லாமல் கையை இன்ஜினுக்கு அந்தப்பக்கம் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். கார்புரேட்டர் நட்டைத் தேடுகிறார் என்று நினைத்தேன். நட்டு அவர் முகத்துக்கு நேராக, வெளிச்சத்தில்தான் இருந்தது. அவர் கண் அங்கே இல்லை. விரல்தான் போய்த் தொட்டது.

"என்ன அண்ணாச்சி?"

"இடது கண்ணு ரெண்டு வருஷமா மங்கிட்டு. கண்ணுல பிரஷராம். திருநவேலில காட்டினேன். போனது வராது, இருக்கதைக் காப்பாத்தலாம், சொட்டு மருந்தை விடாதீரும்னுட்டாவ." டயரிலிருந்து இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டார். "உள்ளதைச் சொல்லணும்லா தம்பி. ஹெரால்டு நான் வாழ்க்கையில மூணுதான் பிரிச்சிருக்கேன். பாதி மறந்துபோச்சு. இதைப் பாத்துப் பாத்துத்தான் செய்யணும். பத்மினின்னா எரநூறு பிரிச்சிருப்பேன். கண்ணை மூடிட்டுச் செய்வேன்."

கொஞ்சம் பொறுத்து, "இப்போ அப்படித்தான் செஞ்சிட்டிருக்கேன்" என்றார்.

டாக்டர் உள்ளேயிருந்து காபி கொண்டுவரச் சொன்னார். குடித்தோம். அவரிடம் நான் ஒரு வாரம் டைம் கேட்டதற்கு, கோயமுத்தூரிலிருந்து ஒருவர் போனில் விசாரித்திருக்கிறார், அவர் வருவதற்குள் சொல்லுங்கள் என்றார். மூன்றாம் நாளே போன் செய்து அவருக்கே கொடுக்கச் சொல்லிவிட்டேன். கோயமுத்தூர்க்காரர்களிடம் லேத்தும் இருக்கும், பொறுமையும் இருக்கும். ஹெரால்டுக்கு இப்போதும் இங்கிலாந்தில் புது உதிரிப் பாகம் கிடைக்கிறது. அதே சேஸிஸைக் குட்டையாக்கி அவர்கள் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரை 1980 வரை செய்தார்கள்; அதற்கு அங்கே ரசிகர் கூட்டம் உண்டு. வண்டலூரில் செய்த காருக்கு இங்கிலாந்திலிருந்து சாமான் வரவழைத்து, சுங்க வரி கட்டி மாட்ட வேண்டும். என் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் அதற்குத் தாங்காது. பத்மினிக்கு சென்னை புதுப்பேட்டைக்கு ஒரு நடை போனால் போதும். பழைய சாமான் மலை மலையாகக் குவிந்து கிடக்கும்.

ஆபீஸ் போகிற நண்பர்கள் யாராவது இந்த வியாதியில் விழுந்தால் நான் சொல்வது இதுதான். காரைப் பார்க்காதீர்கள். உங்களுக்கு இருபது கிலோமீட்டருக்குள் இருக்கிற மெக்கானிக் எந்தக் காரைப் பிரித்தவர் என்று பாருங்கள். அவர் வயசையும் பாருங்கள்.

★

கடையநல்லூர் பேரம் ஒரு தனிக் கதை. ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டினால் ஹெச்.பி. முத்திரை. 1987ல் கடன் கொடுத்த ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி. கடனும் அடைந்துவிட்டது, கம்பெனியும் மறைந்துவிட்டது, முத்திரை மட்டும் நிற்கிறது. அதை ரத்து செய்ய ஃபாரம் 35ல் கம்பெனி கையெழுத்து வேண்டும். இல்லாத கம்பெனி எங்கே கையெழுத்துப் போடும்? இதைச் சொல்லி 85,000த்தை 45,000க்கு இறக்கினேன். கை குலுக்கி முடித்த நேரத்தில் ஹெட்மாஸ்டரின் மனைவி, அந்தப் பெரியம்மா, உள்ளே போய் ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்தார். பழைய ரேஷன் கார்டு, மகனின் தடுப்பூசிச் சீட்டு, இவற்றுக்கு அடியில் 1991 தேதியிட்ட கடன் தீர்ந்த கடிதமும், கையெழுத்தும் சீலும் போட்ட ஃபாரம் 35ம். கணவர் வாங்கி வைத்தவர் ஆபீசில் கொண்டுபோய்க் கொடுக்கவே இல்லை. மகன் உடனே மறுபடி 85 என்றார். பெரியம்மா அதட்டினார். "ஏல, அப்பா வண்டியை வெச்சு யாவாரம் பண்ணாதல." கடைசியில் 52,000க்கு முடிந்தது. 2022ல் ஆர்.சி. புதுப்பித்திருக்கிறார்கள், 2027 வரை கவலையில்லை. ஃபாரம் 29, 30ல் கையெழுத்தாகிவிட்டது.

மிச்சம் 58,000. இதில் முதல் செலவு டிங்கரிங். வலது பக்கப் படியும் டிரைவர் காலடித் தரையும் வெட்டிப் புதுத் தகரம் வைக்க வேண்டும். அடுத்தது பெட்ரோல் குழாய்கள். இப்போது பங்கில் கிடைப்பது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 1987ன் ரப்பர் குழாய்க்கும் கார்புரேட்டர் டயஃப்ரத்துக்கும் அது ஒத்துக்கொள்ளாது. ஊறி, உப்பி, ஒழுகும். ஒழுகினால் சூடான இன்ஜின் பக்கத்தில் ஒழுகும். ஆகவே எத்தனாலைத் தாங்குகிற புதுக் குழாய்கள், அதற்குப் பிறகுதான் ஸ்டார்ட் பண்ணுவதே. பிரேக் சிலிண்டர்கள் நாலும் கழற்றிப் பார்க்க வேண்டும். பெயின்ட் எல்லாம் அடுத்த சீட்டுக்கு. மாப்பிள்ளை, "எதுக்கு மாமா இதெல்லாம், பேட்டரி போட்டு எலெக்ட்ரிக்கா மாத்திரலாமே" என்றான். அண்ணாச்சி அவனை நிமிர்ந்து பார்த்து, "அப்போ வண்டி எதுக்கு மருமவனே?" என்று கேட்டார். அவனிடம் பதில் இல்லை.

கூலி பேசும்போது அண்ணாச்சி ஒரு நிபந்தனை போட்டார். துட்டைப் பற்றி இல்லை.

"நீரு எழுதுத ஆளு. ஒரு நோட்டு வாங்கிக்கிடும். நான் கழட்டக் கழட்ட எழுதணும். எந்த நட்டு, எந்தப் பக்கம், எத்தனை சுத்து, முதல்ல எது, அப்புறம் எது. படம் போடத் தெரிஞ்சா படமும் போடும். எம் மவனுக்கு இது வேண்டாம்னு ஆயிட்டு. வேற எவனாவது கேப்பான்லா."

இருநூறு பக்க நோட்டு வாங்கிவிட்டேன். வண்டி வருவதற்கு முன்பே இரண்டு பக்கம் ஆகிவிட்டது. ஒன்று: கழற்றிய நட்டுகளை ஒரே டப்பாவில் கொட்டாதே, எந்தத் துளையில் இருந்ததோ அங்கேயே இரண்டு சுற்று திருப்பி வை. இரண்டு: புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றும் முன் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போடு; மாற்றி மாட்டினால் நாற்பதில் போகும்போது கார் முனகும். மூன்று: கிராஸ் தேய்ந்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்காதே, கையால் திருகிப் பார். கண் பொய் சொல்லும். மூன்றாவதை அவர் இரண்டு தடவை சொன்னார். நான் ஒரு தடவைதான் எழுதினேன்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு டிராக்டர் சொல்லியிருக்கிறது. கடையநல்லூரிலிருந்து சாம்பவர்வடகரை, சுரண்டை வழியாகக் கயிறு கட்டி இழுத்து வரவேண்டும். பிரேக் கிடையாது, ஹேண்ட் பிரேக் மட்டும் பாதி பிடிக்கிறது. கட்டி இழுக்கிற காரில் யாராவது ஸ்டீயரிங் பிடித்தாக வேண்டும். நான் உட்காருகிறேன் என்றேன். அண்ணாச்சி, "நீரு டிராக்டர்ல இருந்துகிட்டுத் திரும்பிப் பாத்துட்டு வாரும். வண்டியில நான் இருக்கேன். எனக்கு ரோடு தெரியும்" என்கிறார்.